தேவைக்கு மிஞ்சிய தமிழ்

வீரமாமுனிவர் என்னும் பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். தேம்பாவணியை முதற் செய்யுள் தொடங்கி இறுதிச் செய்யுள் வரை ஓதிய தமிழாசிரியரோ மிகச் சிலர். பெயர் ஓங்கி நிற்க நூல் உறங்குகின்றது. ஒரு புலவனுக்கு நேரக்கூடிய குறைகளுள் இதனிற் பெரியது வேறில்லை. 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது கடற்கரையிலே அவருக்குச் சிலை எடுத்தார்கள். அச்சிலைக்கு மாலை சூட்டுவோர் உளர். அவர் தொடுத்த மாலையை எடுத்துப் பார்ப்போர் அரியர். தேம்பாவணி என்னும் பெயரைத் ‘தேம்பா அணி’ எனப் பிரித்தால் வாடாத மாலை. ‘தேன் பா அணி’ எனப் பிரித்தால் தேன் போன்ற பாக்களாலாகிய மாலை. எப்படிப் பிரித்தாலும் மாலைதான். அதை அணிவார் இல்லை என்பதே இன்றைய நிலை.

இதற்குக் காரணம் யாது? இரு சாரார் இரு விதமாகச் சொல்கின்றனர். “அது மதம் பரப்புதற்கு எழுந்த நூல், கத்தோலிக்கர் படிக்கட்டும்” என்பர் ஒரு சாரார். “அது பண்டிதர்க்கு எழுந்த நூல், பண்டிதர் படிக்கட்டும்” என்பர் கத்தோலிக்கருள்ளே மறு சாரார். இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நூல் அலுமாரியிலே கிடக்கின்றது. இவ்விரண்டு கூற்றும் பொருந்தா என்பதைக் காட்டுவதே என் கருத்து. நான் சைவ மரபிலே வந்தவன். ஆதலின் என் சமயத்தார் நூல் என்பதற்காக இதனைப் பரிந்துரைக்கின்றேன் என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை.

முதற் கூற்றை முதலில் ஆராய்வோம். சில ஆண்டுகளின் முன் பண்டித வகுப்பிலே தேம்பாவணிச் செய்யுள்கள் சிலவற்றை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, தூண்டிற்காரன் இரையைத் தமிழிலே கோத்தால் அதைத் தமிழ்த் தொண்டு என்று சொல்லலாமோ?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கேள்வி கூரியது, அதற்கு விடை உண்டு என்பதே என் துணிபு. ஆனால் விடையைச் சொல்லுமுன் அம்முனிவர் செய்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தாலி நாட்டிலே காஸ்திக்கிளியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. இயேசு சபையிலே துறவியாகிக் கடல் கடந்து, 1711ஆம் ஆண்டளவில் மதுரை மறைப்பணிக் களத்தை அடைந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதளவு. முப்பது வயதில் அந்நிய மொழியொன்றின் அரிச்சுவடியை எடுப்பவன், சந்தையிலே பேரம் பேசும் அளவுக்கு அதனைக் கற்றாலே வியப்போம். சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் இலக்கண இலக்கியம் பயின்றார் என்பது வழிவழி வரும் செய்தி. தம் பெயரிலுள்ள உறுதி என்னும் பொருளைத் தழுவித் தைரியநாதர் எனத் தம்மை வழங்கினார். பின்னர் அது வீரமாமுனிவர் எனத் தமிழாயிற்று. கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுப் பாடினார். தமிழ் மண்ணை மிதித்துப் பதினைந்து ஆண்டு கழிந்தபோது, 1726இல், தேம்பாவணி நிறைவெய்தியது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3,615 செய்யுள்.

இப்போது மாணவனின் தூண்டிலுக்கு வருவோம். ஒரு கருவி வேண்டுமென்று எண்ணுபவன் அக்கருவி போதுமான அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுவான். மண்வெட்டிப் பிடிக்குச் சித்திரவேலை செய்வோர் இலர். மறைபரப்பும் தேவைக்கு எவ்வளவு தமிழ் போதுமாயிருந்தது? அதற்கு அளவுகோல் அவருக்கு முன்னரே இருந்தது. தத்துவபோதகர் என வழங்கிய ரொபேட் தெ நொபிலி அவருக்கு நூறாண்டின் முன்னரே உரைநடையிலே ஞானோபதேசம் எழுதிவிட்டார். மறையின் கோட்பாடுகளைச் சொல்ல உரைநடை போதும் என்பது அப்போதே தெளிவாயிற்று. வீரமாமுனிவரும் அவ்வழியிலே உபதேசியார்களுக்கு ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவரது தேவை நிறைவேறியிருக்கும். உபதேசி என்ற அளவில் அவருக்கு ஒரு குறையும் இருந்திராது.

அவர் நிறுத்தவில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணத்தையும் அடக்கி 1730இல் தொன்னூல் விளக்கம் செய்தார். அதனைக் குட்டித் தொல்காப்பியம் என்று பின்வந்தோர் பாராட்டினர். 1732இல் சதுரகராதி தொகுத்தார். அதுவரை சொற்பொருள் கற்போர் நிகண்டுகளைச் செய்யுளாகவே நெட்டுருச் செய்ய வேண்டும். ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டின் ஒரு தொகுதியையே மனத்துள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவர் பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாக்கி, எழுத்து முறையிலே நிரல்படுத்தி வைத்தார். இன்று பள்ளிப் பிள்ளை அகராதியைப் புரட்டி நொடியிலே பொருள் காண்கின்றது. அந்த எளிமைக்கு ஒருவர் இருந்து உழைத்தார் என்பது அப்பிள்ளைக்குத் தெரியாது.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிலே பெயர்த்தார். தூண்டிற்காரன் என்று கொள்வோர் இதனைச் சற்றே நின்று நோக்க வேண்டும். உரோமாபுரியின் நூலைத் தமிழருக்குக் கொணர்வது மறைபரப்புவோனின் தொழில். தமிழரின் நூலை உரோமாபுரியின் மொழிக்குக் கொண்டு போவது எந்தத் தொழில்? பின்வரும் குருமார்க்குத் தமிழ் கற்பிக்கும் பொருட்டு என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பத்துக் குறள் போதாதா? ஆயிரத்தெண்பதாகிய அத்துணைச் செய்யுட்கும் வேற்றுமொழியிலே சொல் தேடி இரவுகளைக் கழித்தவன் அந்நூலிலே ஏதோ ஒன்றைக் கண்டு மயங்கியவன் என்பதன்றி வேறு முடிவுக்கு என்னால் வர இயலவில்லை.

எல்லாவற்றிலும் சிறியதும் எல்லாவற்றிலும் பெரியதுமான தொண்டு ஒன்றுண்டு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது பழைய இலக்கண விதி. ஓலையில் எழுதுவோர் புள்ளியை இடாமலே விடுவது வழக்கமாயிற்று. அதனால் ‘எரி’ என்பதும் ‘ஏரி’ என்பதும் ஓலையிலே ஒரே வடிவாய் நின்றன. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவு காட்டினார். உயிரெழுத்திலே ஏகாரத்துக்குக் கீற்றும் ஓகாரத்துக்குச் சுழியும், உயிர்மெய்யிலே கொம்பின் மேற்சுழியும் இன்று நாம் எழுதுமாறு வழங்கலாயின. இச்சுழிக்குச் சமயம் உண்டா? ‘தேவாரம்’ என்று எழுதும் சைவ மாணவன் முதலெழுத்திலேயே அவர் தந்த சுழியை இட்டுத்தான் எழுதுகின்றான். ‘கோயில்’ என்று எழுதும்போதும் அவ்வாறே. மதம் பரப்புவதொன்றே நோக்கமாயிருந்தவனுக்கு ஏரியும் எரியும் மயங்கினால் என்ன, மயங்காவிட்டால் என்ன? கற்கும் பிள்ளை தடுமாறுமே என்ற கவலை ஆசிரியனுக்கும் மொழிக் காதலனுக்கும் உரியது.

ஆகவே மாணவனுக்கு நான் அன்று சொன்ன விடை இதுவே: “தம்பி, இரைக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்று கணக்கிடு. அதற்கு மேல் அவர் செய்தவற்றை வேறாக எடுத்து எண்ணு. அந்த மிச்சத்துக்கு ஒரு பெயர் வை.” அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர், “காதல் என்று வைக்கலாம், ஐயா” என்றான். நான் வைத்திருந்த பெயரும் அதுவே.

இனி மறு பக்கத்திலிருந்து எழும் வினா ஒன்றுண்டு. அது முன்னதினும் நுண்ணியது. துறவு பூண்டவனுக்கு இத்துணைச் சொற்காதல் தகுமா? செபத்துக்கும் தவத்துக்கும் உரிய பொழுதை எதுகைக்கும் மோனைக்கும் செலவிடலாமா? இது வெறும் வாதமன்று. அவருடைய சபையிலேயே வந்த ஆங்கிலக் கவிஞர் ஒருவரை இவ்வினா வாட்டியது. ஜெராட் மான்லி ஹொப்கின்ஸ் என்பார் 1868இல் இயேசு சபை புகுமுன் தம் கவிதைகளைத் தீக்கிரையாக்கினார். ஏழாண்டு காலம் மௌனம் காத்தார். 1875இன் இறுதியில் கன்னியர் ஐவர் கப்பலுடைந்து மாண்ட செய்தி கேட்ட பின்னரே, மேலோர் ஒருவர் குறிப்பறிந்து மீண்டும் பாடத் தொடங்கினார். அவர் இறந்தது 1889இல். கவிதைகள் நூலாய் வந்தது 1918இல். கவிதைக்கும் துறவுக்குமிடையே அவர் பட்ட துன்பம் உண்மையானது. அதனை நான் இகழேன்.

ஆயின் வீரமாமுனிவர் வேறொரு வழி கண்டார். அவ்வழி இன்னதென்பதை அவர் தேர்ந்த காப்பியத் தலைவனே காட்டுவான். பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரற்ற தலைவன் வேண்டும் என்பது அணிநூலார் விதி. வேத நூலிலே அரசர்க்கும் வீரர்க்கும் குறைவில்லை. தாவீது இருக்கின்றான், சாலமோன் இருக்கின்றான். அவர்களை விட்டு இவர் யாரைத் தலைவனாக்கினார்? நாசரேத்தூர்த் தச்சனை. தாவீதின் குலத்திலே வந்தும் உளியும் வாய்ச்சியும் பிடித்து உண்டவன் அவன். படை நடத்தாதவன், முடி தரியாதவன். அதற்கும் மேலாக ஒன்று: நற்செய்தி நூல்கள் நான்கினும் சூசையப்பர் வாயிலிருந்து வந்ததாக ஒரு சொல்லேனும் எழுதப்படவில்லை. அவன் நீதிமான் என்று சொல்லப்படுகின்றது. கனவிலே கேட்டதை எழுந்து செய்கின்றான். பேசுவதாக யாண்டும் இல்லை.

சொல்லின்மேற் பெருங்காதல் கொண்ட ஒருவர் சொல்லே இல்லாத ஒருவனைத் தலைவனாகத் தேர்ந்தது தற்செயலாகுமா? நான் அவ்வாறு கருதவில்லை. பேச்சாற் பெருமை தேடாதவன் முன் தம் பேச்செல்லாவற்றையும் கொண்டுபோய்ப் படைப்பதே அவர் கண்ட வழி. தச்சன் மரத்தை இழைப்பான். புலவன் மொழியை இழைப்பான். செய்யப்படுவது என்னும் பொருளிலேதான் நாமும் செய்யுள் என்கின்றோம். கைத்தொழிலையே வழிபாடாகக் கொண்ட ஒருவனைப் பாடும்போது, பாடுதலாகிய தொழிலும் வழிபாடாகின்றது. செபத்துக்குரிய பொழுதைக் கவிதைக்குத் திருடினார் என்று சொல்ல அங்கே இடமில்லை.

சைவ அன்பர்க்கு இது புதிதன்று. சேக்கிழார் அரசன் அவையிலிருந்து பாடியவர். பாடியதோ குயவரையும் வேடரையும் வண்ணாரையும் வலைஞரையும். தொண்டே பெருமை என்று கொண்ட காப்பியம் தமிழிலே முன்னரே இருந்தது. தச்சனைத் தலைவனாக்கிய காப்பியம் அந்த மண்ணிலே வேர் பிடித்தது வியப்பன்று.

பெயர்களைக் கையாண்ட திறத்திலும் அக்காதல் தெரிகின்றது. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர்க்குப் பெருகுதல் என்பது பொருள். அவனை வளன் என்றார். யோவான் என்பதற்கு இறைவன் கருணை கூர்ந்தான் என்பது பொருள். அவனைக் கருணையன் என்றார். ஒலியை மட்டும் இரவல் வாங்கியிருந்தால் அப்பெயர்கள் விருத்தத்திலே முரடாய் நின்றிருக்கும். பொருளைப் பெயர்த்ததாலே அவை தமிழ்க்குடியிற் பிறந்த பிள்ளைகளின் பெயர்போல் ஒலிக்கின்றன. அந்தக் கருணையன் காட்டிலே தாயை இழந்து புலம்பும் இடத்தைப் படித்துப் பாருங்கள். காட்டு வழி அறியேன், காய் கனி தேடும் வகை அறியேன், பிழைக்கும் முறை அறியேன் என்று அச்சிறுவன் அரற்ற, மலர்ந்த மரங்களும் பறவைகளும் உடனழுவதாகப் பாடுகின்றார். அப்பகுதியைப் படிக்கும்போது சிறுவன் எச்சமயத்தான் என்ற நினைவு எழுவதில்லை. தாயை இழந்தவன் என்பதொன்றே நினைவில் நிற்கின்றது.

குறை கூறுவோர் சிலவற்றைச் சொல்வர். அவற்றையும் மறைக்காமல் எடுத்துக்கொள்வோம். யூதேயா வறண்ட குன்றுகள் மலிந்த நாடு. அங்கே நெல் வயலும் சேற்றுழவும் எங்கிருந்து வந்தன, நாட்டுப் படலம் முழுதும் சோழநாடாயிருக்கின்றதே என்பது ஒன்று. மெய்தான். கம்பரின் கோசலமும் காவிரி பாயும் கோசலமே. உமறுப் புலவர் சீறாப்புராணத்திலே அரபு நாட்டை மருதமாக்கினார். காப்பிய நாடு தேசப்படத்திலுள்ள நாடு அன்று. கேட்பவன் குடியிருக்கத்தக்க நாடு. கொள்ளிடக் கரை உழவனுக்குப் பாலைவனத்தைக் காட்டி ‘இறைமகன் பிறந்த நாடு இது’ என்றால், அந்த நாடு அவனுக்கு என்றும் அந்நிய நாடாகவே இருக்கும். நாற்று நடும் பெண்களையும் வாளை பாயும் மடையையும் காட்டியபோது அது அவன் ஊராயிற்று.

கம்பரையும் திருத்தக்கதேவரையும் அடியொற்றினார் என்பது மற்றொன்று. அடியொற்றினார், ஐயமில்லை. தமிழிலே காப்பியம் செய்யப் புகுந்தவன் கம்பரை மிதியாமல் எவ்வழியே நடப்பான்? கடினநடை என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. இதிலே ஒரு பகுதி நியாயம் உண்டு. சில படலங்களிலே கற்பனை கற்பனையின்மேல் ஏறிக் கதை நகராமல் நிற்கின்றது. புலமையைக் காட்டும் ஆசை அங்கே புலவனை வென்றுவிடுகின்றது. காதலித்தவன் சிறிது மிகையாகத்தான் பேசுவான். அம்மிகையைக் குறையென்று குறித்துக்கொண்டு மேலே படிப்பதே ஆசிரியர் கடன். ஆயின் எளிமை அறியாதவர் என்று அவரை ஒருவரும் சொல்ல இயலாது. கித்தேரி அம்மாள் அம்மானை பாமர மாதரும் பாடத்தக்கது. பரமார்த்த குருவின் கதை சிறு குழந்தையும் கேட்டுச் சிரிக்கத்தக்கது. எவர்க்கு எந்நடை என்பதை அறிந்தே எழுதியவர் அவர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நடுநிலை ஆகாது. அதே கை வாதநூல்களும் எழுதியது. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் சபையாரை மறுத்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலியவற்றை எழுதினார். அவற்றிலே சுடுசொல் உண்டு. அவை எழுதப்பட்ட காலத்துக்கு அவை வேண்டியவையாய் இருந்திருக்கலாம். இன்று அவற்றைத் தேடி எடுப்போர் ஆராய்ச்சியாளரன்றிப் பிறர் இலர். கை ஒன்று, சமயப்பற்றும் ஒன்று. ஒரு நூல் சரித்திரமாகவும் ஒரு நூல் இலக்கியமாகவும் நிற்பதேன்? வாதத்திலே மொழி ஆயுதம். காப்பியத்திலே மொழி காதலி. இதற்கு வரலாறே ஒரு சான்று வைத்திருக்கின்றது. அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ஆம் ஆண்டு அச்சேற்றியது யாவர்? அவர் எந்தச் சபையாரோடு வாதிட்டாரோ அதே தரங்கம்பாடிச் சபையாரின் அச்சகம். கொள்கையிலே பிணங்கியவர் மொழியிலே அவரிடம் பாடம் கேட்டனர். சமயத்தால் வேறுபட்டோர் ஒரு நூலைச் சூழ்ந்து அமரலாம் என்பதற்கு முந்நூறாண்டாகப் போகும் இச்சான்றினும் நல்லது எனக்குத் தெரியாது.

இனி நம் நாட்டை நோக்குவோம். கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் ஈழத்துக்கு இரவல் வந்ததன்று. தேம்பாவணி எழுமுன், ஏறத்தாழ எண்பது ஆண்டு முந்தி, 1647ஆம் ஆண்டிலேயே தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானை பாடினார். அவ்வூரினரான பூலோகசிங்க அருளப்ப நாவலர் திருச்செல்வர் காவியம் செய்தார். வீரமாமுனிவர் கொள்ளிடக் கரையிலே காப்பியம் பாடிய காலத்தில், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒறுத்த இந்நாட்டிலே மறைந்தும் வெளிப்பட்டும் பணி செய்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். தவக்காலத்திலே அது இராகத்தோடு ஓதப்படும்போது, எழுத்தறியாத மூதாட்டியும் சொல்லுக்குச் சொல் உருகுவதை நம் கரையோர ஊர்களில் நேரிற் கண்டவர் பலர்.

இங்கேதான் நான் ஆசிரியர்களின் சிந்தனைக்கு ஒன்றை வைக்க விரும்புகின்றேன். வியாகுலப் பிரசங்கம் ஏன் வாழ்கின்றது? ஆண்டுதோறும் ஓதப்படுவதாலே வாழ்கின்றது. கந்தபுராணம் யாழ்ப்பாணத்திலே ஏன் வாழ்ந்தது? கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, உழவரும் வணிகரும் கேட்டிருந்ததாலே வாழ்ந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று இதனையே எடுத்துரைத்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட அக்கடின நூலைப் பாமரர் கேட்டுச் சுவைத்தனர் என்றால், 3,615 விருத்தங்களைக் கொண்ட நூலைச் சுவைக்க இயலாது என்பது சோம்பலின் வாதமேயன்றி வேறில்லை. தேம்பாவணி கடினமானதாலே மறக்கப்படவில்லை. பயன் சொல்வார் இல்லாமையாலே மறக்கப்பட்டது.

மார்ச் மாதம் 19ஆம் தேதி சூசையப்பர் திருநாள். அத்திருநாளைச் சார்ந்து சில நாட்கள், ஓர் ஆலய மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ, நாளொரு படலமாகத் தேம்பாவணியை வாசித்துப் பயன் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கினால் என்ன? முப்பத்தாறு படலமும் ஓராண்டிலே முடிய வேண்டியதில்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டாக மூன்றாண்டிலே ஒரு சுற்று முடியும், காண்டமொன்றுக்கு ஓராண்டு. வாசிப்பவர் கத்தோலிக்கராயின் பயன் சொல்பவர் சைவராய் இருக்கட்டும். அல்லது இவர் அவராகவும் அவர் இவராகவும் மாறட்டும். அடுத்த ஊரிலே சீறாப்புராணத்துக்கும் அவ்வாறே நடக்கட்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை; சங்கம் வேண்டியதில்லை. இரண்டு பாய், ஒரு நூல், இரண்டு ஆசிரியர், கேட்கப் பத்துப் பேர் போதும்.

பாடசாலைகளிலே நாம் செய்யும் பிழையும் திருந்த வேண்டும். தேம்பாவணிச் செய்யுள் பாடத்தில் வரும்போதெல்லாம், ‘இந்நூல் கிறித்தவக் காப்பியம்’ என்று முதலில் எழுதிவைத்துப் பிறகு செய்யுளுக்குப் போகின்றோம். பிள்ளை அந்தப் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டுத் தன்னுடையதா பிறருடையதா என்று முடிவு செய்துகொண்ட பின்னரே கவிதையைக் காண்கின்றது. முறையை மாற்றுங்கள். முதலில் கருணையன் அழுகையைப் படித்துக் காட்டுங்கள். வகுப்பு அமைதியானதும் நூலின் பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர் பிறந்த ஊரையும், தமிழ் தொடங்கிய வயதையும் அதன்பின் சொல்லுங்கள். பிள்ளைகள் வியப்பது அப்போதுதான் தகுந்த இடத்தில் வியப்பதாகும்.

கத்தோலிக்க அன்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் முன்னோர் இம்மொழியிலே செபித்ததோடு நில்லாமல் இம்மொழியை உழுதவர்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்திலே கரம்பொனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கியதும், 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றதும் அவர் அணிந்திருந்த அங்கிக்குப் புறம்பான செயல்கள் அல்ல. தமிழைக் காதலிப்பதும் விசுவாசத்திலே நிற்பதும் ஒரே மனிதனுக்கு இயலும் என்று காட்டியவர்கள் உங்களவர்கள். அவர்களுடைய நூல்களைப் பண்டிதர் பொறுப்பில் விட்டுவிட்டு நீங்கள் படத்துக்கு மாத்திரம் மாலையிடுவது முறையாகாது.

வீரமாமுனிவர் தம் ஊழியத்துக்கு வேண்டிய தமிழை எடுத்துக்கொண்டார். வேண்டாத தமிழை அதனிலும் பன்மடங்கு எடுத்துக்கொண்டார். முன்னது அவர் சபைக்கு உரியது என்று எவரேனும் சொன்னால் நான் வழக்காட மாட்டேன். பின்னது நம் எல்லோர்க்கும் உரியது. உரிமை உண்டென்று சொல்வோர் நூலைத் திறக்க வேண்டும். வருகின்ற மார்ச் மாதத்துக்கு முன்னர் முதற் காண்டத்தையேனும் ஒருமுறை படித்து முடிக்கும்படி என் சக ஆசிரியர்களை வேண்டுகின்றேன்.